நிறுத்திவைத்த உரிமம்

(வல்லார்பாடத்தில் தமிழன்பர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எறணாகுளத்தில் கேரள உயர்நீதிமன்றத்தின் அருகே தொடங்கிப் போல்காட்டியையும் இந்த வல்லார்பாடத்தையும் வைப்பீனையும் ஒன்றோடொன்று கோத்துச் செல்லும் கோஸ்ரீ பாலங்கள் 2004-ஆம் ஆண்டில் திறக்கப்படும் வரையில், இத்தீவில் பிறந்த ஒருவன் கரைக்குப் போகவேண்டுமானால் படகைத்தான் நம்பியிருந்தான். 1752-இல் புயலில் படகு கவிழ்ந்து காயலில் மூழ்கிய மீனாட்சியம்மையையும் அவள் மகவையும் வல்லார்பாடத்தம்மை மூன்றாம் நாள் உயிரோடு மீட்டுத் தந்தாள் என்று இங்குள்ள மாதா கோயிலைச் சார்ந்தோர் பக்தியோடு சொல்லிவரும் வரலாறும் படகைப் பற்றியதே. பாலம் வந்தது, 2011 பிப்ரவரியில் கண்டெய்னர் முனையமும் திறக்கப்பட்டது, களமசேரியிலிருந்து இங்கு வரையில் 17 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்டெய்னர் ரோடு போடப்பட்டது. அந்த ரோட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் டிரெய்லர்களின் நிழலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டு, அடுத்த லோடுக்காகக் காத்திருக்கும் டிரைவர்களிடையே நடந்துபோனால், சேலத்துத் தமிழும் நாமக்கல் தமிழும் தூத்துக்குடித் தமிழும் காதில் விழாமல் இரா. படகு போய் வண்டி வந்த ஊரில், வண்டியால் வரும் வழக்கைப் பற்றிப் பேசுவது பொருத்தமென்றே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

வழக்குகளில் பலவகை உண்டு. குடித்துவிட்டு ஓட்டியவனைப் பற்றியோ, ஓர் உயிரைப் போக்கியவனைப் பற்றியோ நான் இன்று பேச வரவில்லை. லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருக்கும் காலத்தில், 'பக்கத்தில்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்?' என்று எண்ணி வண்டியை எடுத்து, சோதனையில் அகப்பட்டு, மாஜிஸ்ட்ரேட்டின் முன் நிற்க நேர்ந்த பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளையைப் பற்றியே பேசப் போகிறேன். இவன் தீயவன் அல்லன்; பெரும்பாலும் குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிறவன்; ஆனால் தான் செய்தது இன்னதென்று அவனுக்கும், அவனைச் செய்யவிட்டது இன்னதென்று நமக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

உரிமத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு, ஒருவனுடைய ஓட்டும் முறை பொதுமக்களுக்கு அபாயம் விளைப்பதென்று கண்டால் அவனைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தகுதியற்றவனாக்கும் அதிகாரத்தை உரிமம் வழங்கும் அதிகாரிக்கு, அதாவது நாம் ஆர்.டி.ஓ. என்று சொல்கிறவருக்கு, அளித்திருக்கிறது. இந்தப் பிரிவு நெடுங்காலம் ஏட்டளவில் இருந்தது என்றால் அது மிகையாகாது. அதற்கு உயிர் வந்ததன் பின்னணியில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலையில் நொறுங்கிய கைகால்களோடு இளைஞர்களைத் தூக்கிக்கொண்டு வருவதைக் காலமெல்லாம் கண்டவர், 2012-இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்று தொடுத்தார். அவ்வழக்கில் 2014-இல், முன்பு கேரள உயர்நீதிமன்றத்திலும் நீதிபதியாயிருந்த கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அக்குழு 2015 ஆகஸ்டில் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது: மிதமிஞ்சிய வேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், ஓட்டும்போது கைபேசியில் பேசுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், சரக்கு வண்டியில் மிகுபாரம் ஏற்றுதல், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் ஆகியவற்றைச் செய்தவனுடைய உரிமத்தை மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அது. 2019-இல் வந்த திருத்தச் சட்டம், தலைக்கவசம் இல்லாமலும், ஒரே பைக்கில் மூவராகவும் போகிறவனுக்கு ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதத் தகுதியிழப்பையும் சேர்த்தது. ஆகவே அந்த மூன்று மாதம் ஓர் அதிகாரியின் மனப்போக்கில் பிறந்த கணக்கு அன்று. அறுவைச் சிகிச்சை மேஜையருகே நின்ற ஒரு மருத்துவரின் வேதனையிலிருந்து பிறந்தது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசின் கணக்கு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மூன்று மாதம் நீண்ட காலமாகத் தோன்றாது.

இனி, அந்த உத்தரவு ஒரு பிள்ளையை வந்தடையும் விதத்தைப் பாருங்கள். இங்கேதான் நம் துயரம் தொடங்குகிறது. முதலில் வருவது உத்தரவு அன்று, நோட்டீஸ். ஒரு தாளில் வண்டி எண், நாள், இடம், குற்றம், சட்டப்பிரிவு எல்லாம் வரிசையாக அச்சிட்டிருக்கும். முடிவில், உமது உரிமத்தை ஏன் நிறுத்திவைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டுக என்று ஒரு வாசகம் இருக்கும். ஒருவனுடைய விளக்கத்தைக் கேளாமல் அவனைத் தகுதியற்றவனாக்கக்கூடாது, உத்தரவிட்டால் அதன் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பதும், அவ்வுத்தரவால் குறைபட்டவன் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அதே 19-ஆம் பிரிவிலேயே உள்ளன. இவை நம் பிள்ளைகளுக்கு எட்டுவதில்லை. எட்டாததற்குக் காரணம் எளிது. கடிதம் போவது உரிமத்தில் கண்ட விலாசத்துக்கு. பிள்ளை இருப்பதோ வல்லார்பாடத்து யார்டிலோ மட்டாஞ்சேரியில் ஏதோ ஒரு மாடி அறையிலோ. தபால்காரர் கொடுத்த உறையை ஊரில் பாட்டியார் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, தீபாவளிக்கு அவன் வரும்போது கொடுக்கலாமென்று இருந்துவிடுகிறார். உரிமம் இங்கேயே மட்டாஞ்சேரி ஆபீசில் எடுத்ததாயிருந்தால், கடிதம் கைக்கு வந்தாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது; படித்துச் சொல்ல ஆளில்லை; மடித்து சீட்டுக்கு அடியில் வைத்துவிடுகிறான்.

அதற்குப் பிறகு நேர்வதைத்தான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். உத்தரவு பிறந்ததும் உரிமத்தை உடனே ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது சட்டம். இவன் ஒப்படைக்கவில்லை. பிளாஸ்டிக் அட்டை சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதில் ஒட்டிய படமும் முத்திரையும் அழியவில்லை. முடிவுத்தேதி இன்னும் பல்லாண்டு தள்ளியிருக்கிறது. ஆனால் சாரதி என்னும் நாடளாவிய கணினிப் பதிவில், இவன் பெயருக்கு நேரே, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை நிறுத்திவைக்கப்பட்டது என்று ஏறிவிட்டது. வாளையாற்று எல்லைக்கு அந்தப்பக்கம் ஏறிய குறிப்பு இந்தப்பக்கமும் தெரியும்; தமிழ்நாட்டில் நிறுத்திய உரிமம் கேரளத்தில் செல்லும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கலாம். வேறு விலாசத்தைக் காட்டி இங்கே புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லும் புரோக்கர்களும் உண்டு. தகுதியிழந்த காலத்தில் புது உரிமத்துக்கு விண்ணப்பிப்பதும் வண்டி ஓட்டுவதைப் போன்றே குற்றம். அப்படிப் பெற்ற உரிமமும் செல்லாது. 182-ஆம் பிரிவு இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது.

அந்த 182-ஆம் பிரிவுதான் நம் பிள்ளையை நியாயஸ்தலத்துக்கு அழைத்து வருகிறது. தகுதியிழப்புக் காலத்தில் பொது இடத்தில் வண்டி ஓட்டியவனுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்பது இன்றைய தண்டனை. 2019-க்கு முன் அபராதம் ஐந்நூறு ரூபாய் அளவிலேயே இருந்தது. தொகை இருபது மடங்கு ஏறியதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லாமலில்லை; மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஊருக்கு அனுப்புகிறவனுக்குப் பத்தாயிரம் என்பது எவ்வளவென்று எனக்குத் தெரியும். ஆயினும் சட்டம் இக்குற்றத்தை ஏன் தனியே எடுத்துவைத்தது என்பதை நாம் உணர வேண்டும். கைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டியவன் செய்தது கவனக்குறைவு. கொஞ்ச காலம் விலகியிரு என்று சொன்ன பின்பும் ஓட்டியவன் செய்தது கவனக்குறைவு அன்று. முதல் வழக்கில், நீ எப்படி ஓட்டினாய் என்பது கேள்வி. இரண்டாவதில், உனக்கிட்ட கட்டளையை நீ மதிக்கிறாயா என்பதே கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிது; இருபது வயதில் ஒருவன் இந்தத் தூரத்தைப் பத்து நிமிஷ சவாரியில் கடந்துவிடுகிறான் என்பதே என் கவலை.

நான் உடன் சென்ற ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். யார்டில் வேலை, சொந்தக்காரர் ஒருவரை ராத்திரி ரயிலில் ஏற்றிவிடப் போனவன் பாலத்தின் இறக்கத்தில் சோதனையில் நிறுத்தப்பட்டான். சம்மன் வந்த நாளிலிருந்து அவன் சாப்பாடு குறைந்துபோயிற்று. கோர்ட் வராந்தாவில் பெட்டிக் கேஸ்காரர்களின் கூட்டத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டு, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டான். உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். மலையாள உச்சரிப்பில் தன் பெயரே அவனுக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் கூப்பிட்டபோது நான்தான் முதுகைத் தட்டி அனுப்பினேன். கூண்டில் ஏறியதும், கேள்வி முடிவதற்கு முன்பே 'ஆமாங்கய்யா' என்று சொல்லிவிட்டான். எந்தக் குற்றத்துக்கு ஆமென்றான் என்பது அவனுக்குத் தெரியாது. நல்லவேளையாக மாஜிஸ்ட்ரேட் பொறுமையுள்ளவர்; நிறுத்தி, இன்ன நாளில் உன் உரிமம் நிறுத்தப்பட்டது உனக்குத் தெரியுமா என்று நிதானமாகக் கேட்டார். அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். தெரியும் என்று சொன்னான், காரணமும் சொன்னான். அந்தப் பதிலில் பொய் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கிற்று.

இதை நான் சொல்வது அனுதாபத்துக்காக மட்டும் அன்று. இப்படி நிற்கும் பிள்ளைக்குச் சட்டமே சில கைப்பிடிகளைக் கொடுத்திருக்கிறது. அவற்றை அறியாமல் நிற்பது பரிதாபம். சாட்சியம் அவனறியாத பாஷையில் சொல்லப்பட்டால் அதை அவனுக்குப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்தின் கட்டளை. புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும், பட்டியல் சாதியினருக்கும், பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்டச் சட்டப்பணி ஆணையத்தில் ஒரு மனு எழுதிக்கொடுத்தால் போதும். இவற்றைக் காட்டிலும் முக்கியமானது 1958-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நன்னடத்தைச் சட்டம். சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் செய்தவன், அக்குற்றம் ஆயுள் தண்டனைக்குரியதாயிராமலும், தான் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவனாயும் இருந்தால், எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையின்மேலோ அவனை விடுவிப்பது தகாது என்று நியாயஸ்தலம் திருப்தியடைந்தாலொழியச் சிறைக்கு அனுப்பக்கூடாது. அனுப்பினால் காரணத்தை எழுத வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. சுதந்திரம் பெற்றுப் பதினொரு ஆண்டுகளே ஆகியிருந்த ஓர் ஏழை நாடு தன் வாலிபர்களைப் பற்றி இவ்வளவு பரிவோடு சிந்தித்தது என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் இந்தப் பரிவு நியாயஸ்தலத்துக்கு வந்து நிற்கிறவனுக்கே உரியது. சம்மனைக் கிழித்துப் போட்டுவிட்டு லாரி ஏறிப் போனவன் பெயரில் வாரண்டுதான் பிறக்கும். வாரண்டில் பிடித்துவரப்பட்டவன் தன் நன்னடத்தையைப் பற்றிப் பேச வாயற்றவனாகிறான்.

பெரியோர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். அவன் ஓட்டிய பைக் யாருடையது? பெரும்பாலும் ஆர்.சி. புக் தகப்பனார் பெயரிலோ அண்ணன் பெயரிலோ முதலாளி பெயரிலோ இருக்கும். செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவனிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்த உடைமையாளனுக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்று 180-ஆம் பிரிவு சொல்கிறது. அதுகூடச் சிறிய விஷயம். அந்தப் பத்து நிமிஷ சவாரியில் ஒரு பாதசாரி அடிபட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதியிழப்புக் காலத்தில் ஓட்டியவன் என்பதை இன்சூரன்ஸ் கம்பெனி தன் பாதுகாப்பு வாதமாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதை விரிவாக ஆராய்ந்து, அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்காமல் போய்விடக்கூடாது, ஆகையால் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், உடைமையாளன் தெரிந்தே நிபந்தனையை மீறினான் என்று நிரூபித்தால் அவனிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்ற நெறியை வகுத்தார்கள். அடிபட்டவருக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் மகனுடைய நோட்டீஸைத் தம் கையாலேயே வாங்கிவைத்த தகப்பனார், தமக்குத் தெரியாது என்று எந்த நியாயஸ்தலத்தில் எப்படிச் சொல்வார்? லட்சக்கணக்கில் வரும் தொகைக்கு ஊரிலுள்ள வீட்டுமனையைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

வண்டி ஓட்டிய பிள்ளையையும், வண்டியையுடைய தகப்பனையும் ஒருசேர வைத்து நம் இலக்கியம் ஒரு வழக்கை விசாரித்திருக்கிறது. திருவாரூர் வீதியில் இளவரசனுடைய தேர்க்காலில் கன்றொன்று பாய்ந்து விழுந்து மாண்ட கதையை நீங்கள் அறிவீர்கள். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில், அவ்விளவரசனின் தந்தையாகிய மனுநீதிச் சோழனுக்குச் சிலையும் உண்டு. சேக்கிழார் சொல்லும் அக்கதையில் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம் முடிவிலுள்ள கடுந்தண்டனை அன்று. அதை இக்காலத்தில் எவரும் வேண்டார். அதற்கு முன்பாக அமைச்சர்கள் வந்து, பிராயச்சித்தம் செய்துவிட்டால் போதும் என்கிறார்கள். கன்று தானே வந்து விழுந்தது என்று வாதாடவும் இடமிருந்தது. அரசன் அந்த எளிய வழியை ஏற்கவில்லை. தன் மகனுக்கு ஒரு நீதி, ஊராருக்கு வேறொரு நீதி என்பதை அவன் மனம் ஒப்பவில்லை. நம் காலத்தில் நடந்ததைப் பாருங்கள்: 2024 மே 19-ஆம் நாள் விடியுமுன், புனே நகரத்தில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய கார் மோதி, பைக்கில் வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். முந்நூறு வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டுமென்பது அந்தப் பையனுக்கு முதலில் விதித்த ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று என்று தெரிந்தபோது நாடே கொதித்தது. அதைவிட என்னை வருத்தியது, காரை ஓட்டியது நான்தான் என்று ஒப்புக்கொள்ளும்படி வீட்டு டிரைவரை நெருக்கினார்கள் என்ற குற்றச்சாட்டின்மேல் குடும்பத்தினர்மீதே வழக்குத் தொடரப்பட்டதுதான். இது செல்வர் வீட்டு விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். 'தம்பிக்கு லைசென்ஸ் இல்லை, நீ ஓட்டினதா சொல்லிடு' என்ற பேச்சைக் கண்டெய்னர் ரோட்டின் ஓரத்திலும் நான் கேட்டிருக்கிறேன்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பைக் சாகசங்களால் யூடியூபில் பேர்பெற்ற டி.டி.எஃப். வாசன் என்பவரை நீங்கள் அறிவீர்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கருகே நெடுஞ்சாலையில் அவர் பைக் விபத்துக்குள்ளாயிற்று, கைதானார், சென்னை உயர்நீதிமன்றம் முதலில் ஜாமீன் மறுத்து, சில வாரங்கள் கழித்தே அளித்தது, அவருடைய ஓட்டுநர் உரிமம் 2033 அக்டோபர் வரையில் பத்தாண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. 2024 மே மாதத்தில், மதுரையில் கைபேசியில் பேசிக்கொண்டே கார் ஓட்டினார் என்ற வழக்கில் மறுபடியும் கைதாகி ஜாமீனில் வந்தார். வழக்குகளின் நியாயாநியாயம் நியாயஸ்தலத்துக்கு உரியது. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கோர்ட் வாசலில் அவரைப் பார்க்க முண்டியடித்த பிள்ளைகளைப் பற்றியே என் மனம் போகிறது. அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் இருந்தன. நம் யார்டுப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. இரவில் கண்டெய்னர் ரோடு வெறிச்சென்று கிடப்பதைக் கண்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கும் எவனுக்கும் அந்த வேகத்தை நான் மறுக்கவில்லை, வயது அப்படி. நிறுத்திவைத்த அந்த மூன்று மாதம் மட்டும் சாவியை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். மலப்புறம் மாவட்டத்தில் எடப்பாளில் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. பயிற்சிக்கு அனுப்பினால் அவமானமென்று எண்ணாமல் போய்வாருங்கள்.

லாரி உடைமையாளர்களாகிய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். லைசென்ஸ் நின்றுபோன பையன் உங்களிடம் வந்து உண்மையைச் சொன்னால், அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடாதீர்கள். அனுப்புவீர்கள் என்ற பயத்தினாலேயே அவன் நோட்டீஸை மறைக்கிறான். மறைத்துக்கொண்டு நாற்பதடி டிரெய்லரை எடுத்துக்கொண்டு போகிறான். அந்த மூன்று மாதம் யார்டில் சீல் சரிபார்க்க, லோடு கணக்கெழுத, கிளீனராகக் கூடப்போக ஏதேனும் ஒரு வேலை கொடுங்கள். சம்பளம் சற்றுக் குறைந்தாலும் அவன் பொறுத்துக்கொள்வான். உரிமத்தின் நிலையைக் கணினியில் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகாது. வண்டிச்சாவியைக் கொடுக்குமுன் பார்த்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்தபின் நான் சற்று நேரம் இங்கேயே இருப்பேன். நோட்டீஸோ உத்தரவோ வந்திருக்கிறவர்கள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஊரில் கிடக்கிறதென்றால் வீட்டுக்குப் போன் செய்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உடனிருந்து படித்துச் சொல்கிறேன். மேல்முறையீட்டுக்குரிய முப்பது நாளில் எத்தனை நாள் கழிந்துபோயின என்பதை முதலில் பார்ப்போம்.